சத்தம் போட்டால் தூங்கும் லேப்டாப்

உங்கள் அறையில் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன, டாக்டர். முதுகுக்கு வாகாக இருக்கின்றன. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். உறையை மட்டும் யாரோ அவசரத்தில் தைத்திருக்கிறார்கள், ஓரத்தில் நூல் பிரிகிறது. கையில் ஊசி இருந்திருந்தால் பேசிக்கொண்டே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. குழாய் விட்டுப் பார்த்தீர்கள், விளக்கு அடித்துப் பார்த்தீர்கள். 'ஆ' என்று சத்தமாகச் சொல்லச் சொன்னபோது அவர் முதலில் உங்கள் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் நகர்த்திக்கொண்டார். அதற்கும் அப்புறம்தான் வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரை வெளியே உட்கார வைத்து, எப்போதிலிருந்து இப்படி என்று என்னிடம் தனியாகக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. லேப்டாப் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்ததிலிருந்து.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். இதில் சிரிக்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன, நானே சில சமயம் தைத்துக்கொண்டிருக்கும்போது நினைத்துச் சிரித்திருக்கிறேன். நோயாளி விஷயம் டாக்டர் அறையைத் தாண்டாது என்று வெளியே பலகையில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

அவர் வேதியியல் ஆசிரியர். பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பாடம் நடத்துகிறார். எங்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரியது. அதில் ஒரு நீள மேஜை. ஒரு முனையில் அவருடைய லேப்டாப், மறுமுனையில் என் தையல் மிஷின். நான் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடை தைத்துக் கொடுக்கிறேன். பிள்ளைகள் இல்லாத வீடு, ஆளுக்கொரு முனை, ஆளுக்கொரு தொழில் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரே ஒரு விதி. வகுப்பு நடக்கும்போது மிஷின் ஓடக் கூடாது. 'கடகடன்னு அது ஓடுனா பசங்களுக்கு என் குரல் கேக்காதும்மா' என்பார். அவர் குரல் கேட்காமல் போகும் என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

உண்மையில் அவர் வாயைத் திறந்தால் தெருமுனையில் நிற்கிறவருக்கும் அமிலமும் காரமும் அத்துப்படி ஆகிவிடும். எங்கள் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் 'ரேடியோ வீட்ல இருக்கா?' என்று என்னிடமே கேட்பார்கள். அவருக்கும் அது தெரியும், அதில் ஒரு பெருமைகூட உண்டு. சிரித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். கோபம் வந்தால் மேஜையை ஓங்கித் தட்டுவார், என் மிஷினில் கோத்த நூல் உருவிக்கொண்டு வரும். வகுப்பு முடிகிறவரை நான் அவர் இடது பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சத்தம் வராத வேலைகளைப் பார்ப்பேன். ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது, இப்படி. ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு. என் மிஷின் பாதி நாள் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும்.

லேப்டாப் கிழடு. அதன் மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள் என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டார். கடைசியில் கீல் உடைந்து மூடி ஒரு பக்கமாகத் தொங்கியது. ரிப்பேர் கடைக்காரர், நல்ல பையன், மூடியையும் கைவைக்கும் மேல்தட்டையும் அதே ஜாதியில் வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்து மாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுத்தார்.

"சார், மூடுனா தூங்கணும், தொறந்தா முழிக்கணும். அதுக்கு உள்ள குட்டியா ஒரு சென்ஸார் இருக்கு. இது வேற மிஷினோடது, கொஞ்சம் ரோஷக்காரன். ஏதாவது படுத்துனா கொண்டு வாங்க."

படுத்தியது. வந்த மறுநாளே வகுப்பு நடுவில் திரை இருண்டு தூங்கிவிட்டது. பொத்தானை அமுக்கி எழுப்பி, மறுபடி வகுப்புக்குள் நுழைந்து, 'எங்க விட்டேன்?' என்று கேட்டுத் தொடர்ந்தார். இன்னொரு நாளும் அப்படியே. அவருக்குக் காரணம் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது, சத்தியமாக.

நான் மணிக்கட்டில் கடிகாரம்போல ஒரு பட்டை கட்டியிருப்பேன். காந்தப் பட்டை. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொள்ளாமல் அதில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். எங்கள் தொழிலில் நிறையப் பேர் கட்டுகிறார்கள். ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது மேஜையைத் துடைத்தேன். லேப்டாப் மூடியின் ஓரத்தில் என் குண்டூசி ஒன்று விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கேயும் காந்தம் இருக்கிறது என்று புரிந்தது. மூடிக்குள் காந்தம், அது கிட்டே வந்தால் மூடிவிட்டார்கள் என்று கீழே இருக்கும் சென்ஸார் நினைத்துத் தூங்கிவிடும். அவ்வளவுதானே? அவருக்குத் தண்ணீர் டம்ளர் வைக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு லேப்டாப்பின் இடது ஓரத்தில் படும். கையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். தூங்கியது. எழுப்பி, மறுபடி வைத்தேன். சமத்தாகத் தூங்கியது. ஒரு பெரிய ஜந்து என் கைக்கு அடங்கினதுபோல இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அவர் குளித்துவிட்டு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வந்தவர் கையில் திருப்புளியோடு வந்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன்.

"என்னங்க, எனக்கு ஒண்ணு தோணுது," என்றேன்.

"இரும்மா. உனக்கு இதெல்லாம் புரியாது. டார்ச்ச மட்டும் நேரா பிடி."

நேராகப் பிடித்தேன்.

அன்று மாலை வகுப்பில் ஒரு பெண் பதில் சொல்லத் திணறினாள். அவள் எப்போதும் யோசித்து, மென்று விழுங்கித்தான் பேசுவாள். இவருக்குப் பொறுக்கவில்லை. 'மண்டைக்குள்ள என்ன வெச்சிருக்க, களிமண்ணா?' என்று ஆரம்பித்து மேஜையைத் தட்டினார். அந்தப் பக்கம் குழந்தையின் மூச்சு விம்முவது எனக்குக் கேட்டது. நான் எழுந்து தண்ணீர் டம்ளரை வைத்தேன். கையை எடுக்க மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை இருண்டது. அவர் பொத்தானை அமுக்கி உள்ளே போவதற்குள் கோபம் ஆறிவிட்டது, அவளும் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். நான் செய்தது நல்ல காரியம். இதை நீங்களும் மறுக்கமாட்டீர்கள்.

அதிலிருந்து அவர் யாரையாவது திட்ட ஆரம்பித்தால் கையை வைப்பேன். திட்டாவிட்டால் வைக்கமாட்டேன். இதில் ஒரு நியாயம் இருந்தது. நினைத்தபோதெல்லாம் மனிதரைப் படுத்துகிறவள் இல்லை நான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. முறைப்படி வேலை செய்கிற ஆள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிப் பார்க்க வேண்டும், பார்த்ததை நம்ப வேண்டும், இதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. எவ்வளவு நேரத்தில் தூங்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினார். தூங்கியது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராக மின்சாரத்தில் ஓட்டினார். தூங்கியது. சூடு காரணமாக இருக்கும் என்று அடியில் நான்கு பக்கமும் என் நூல்கண்டுகளை வைத்து உயர்த்தினார். உயரத்தில் இருந்தபடியே தூங்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார், பழைய படங்கள் கொஞ்சம் போயின. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நாள் முழுக்க விழித்திருக்கும். 'சார், என் கடையில சமத்தா இருக்கு. உங்க வீட்டுக்கு வந்தாதான் அழும்பு பண்ணுது' என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார்.

தலையைப் பிய்த்துக்கொண்டார். அவர் அப்படி அலைந்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாருங்கள், முதல் தடவையாக அவர் என்னோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசினார். 'நீ பாத்தியா? அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?' என்று என்னைக் கேட்டார். நான் பார்த்ததைக் கேட்டார். 'அந்தப் பையனத் திட்டிட்டிருந்தீங்க' என்றேன். 'அதுக்கு முன்னாடி தூங்கினப்ப?' 'அப்பவும் யாரையோ திட்டிட்டுதான் இருந்தீங்க.' இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவர் கண் பளிச்சென்றது. மனிதர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"சத்தம்," என்றார். "என் சத்தம்தான். சென்ஸார் வேற மிஷினோடது, சரியா உக்காரல. நான் கத்துறப்ப அதிர்வு உள்ள போகுது, மூடி மூடிட்டதா அது நெனச்சுக்குது. எவ்வளவு சுலபம் பாரு."

கேட்க மிகவும் பொருத்தமாக இருந்தது. எனக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் அவர் எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கிறவர் இல்லை. உடனே பரிசோதனை. நான் என் வழக்கமான இடத்தில், அவர் இடது பக்கத்தில், ஒரு சட்டையின் கழுத்துப் பட்டியைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் புத்தகத்தை எடுத்து, மெதுவான குரலில் ஒரு பக்கம் வாசித்தார். லேப்டாப் விழித்திருந்தது. அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனிமங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, சந்தையில் ஏலம் போடுகிறவர்போல உரக்கக் கூவினார். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. லேப்டாப் அசையவில்லை. அவர் முகம் வாட ஆரம்பித்தது.

இந்த இடத்தைத்தான், டாக்டர், நான் பிற்பாடு அடிக்கடி யோசித்திருக்கிறேன். கையை என் மடியிலேயே வைத்திருந்தால் அவருடைய கொள்கை அங்கேயே செத்திருக்கும். அவர் வேறு காரணம் தேடியிருப்பார், என்றாவது என் மணிக்கட்டையும் பார்த்திருப்பார். அவர் அதைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் கூவிக் கூவி அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பாவமாக இருந்தது. சோடியம் வந்தபோது கத்தரிக்கோலை எடுக்கிற சாக்கில் கையை நீட்டினேன். திரை இருண்டது. அவர் குழந்தைபோல இரண்டு கையையும் தட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. ஆராய்ச்சி செய்கிற ஒரு மனிதருக்கு வீட்டில் கொஞ்சம் ஒத்தாசை வேண்டாமா?

ரிப்பேர் கடைக்காரரை வரவழைத்து அதை விளக்கினார். அந்தப் பையன் முழித்தான்.

"சார், லேப்டாப்புக்குக் காது கிடையாது சார்."

"நீங்க நம்பாதீங்க. பாருங்க," என்று இவர் மறுபடி தனிமங்களைக் கூவினார். நானும் மறுபடி கத்தரிக்கோல் எடுத்தேன். பையன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். வாசல்வரை வழியனுப்பப் போனேன். படியில் நின்று திரும்பிக் கேட்டான்.

"அம்மா, பக்கத்துல ஸ்பீக்கரு, காந்தம், அந்த மாதிரி எதாவது வெக்கிறீங்களா?"

"இல்லையேப்பா," என்றேன். தைத்துக்கொண்டிருந்த துணி என் கைமேல் கிடந்தது.

அவன் தன் செலவிலேயே இன்னொரு சென்ஸார் தேடி வாங்கிவந்து மாற்றிக் கொடுத்தான். அதுவும் சத்தத்துக்குத் தூங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் 'பழைய லேப்டாப் பழுது பார்க்கப்படும்' என்ற பலகையைக் காணோம். தன் கைமேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழைய சாமான்களோடு மல்லுக்கட்டுவது ஒரு பிழைப்பா? யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் தலைவலி விட்டது.

அன்றிலிருந்து வகுப்பில் என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் பேசினார். திட்டு நின்றது. மேஜையில் விழும் அடி நின்றது. ஒரு பிள்ளையின் அம்மா போன் பண்ணி, 'சார் இப்ப ரொம்பப் பொறுமையா சொல்லித் தர்றாரு, நீங்கதான் ஏதோ சொல்லியிருக்கணும்' என்றார். 'நான் என்னங்க சொன்னேன், அவரே மாறிட்டாரு' என்றேன். நான் இங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும்.

ஆனால் திட்டு ஒன்றுதான் சத்தமா? எனக்கு ஒரு நாத்தனார், அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் தொண்டை ஒரே கடையில் வாங்கினது. அவர்கள் பேச ஆரம்பித்தால் நான் சமையலறையில் இருந்தாலும் காது கிழியும். ஒரு ஞாயிறு அண்ணி என்னைப் பற்றி விசாரித்தார். 'அவளுக்கென்னக்கா, பொழுது போகணுமே, ஏதோ நாலு துணி தைக்கிறா' என்று இவர் சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் ஒரு மணப்பெண்ணின் உடை, கழுத்தில் மணிவேலை, கண் எரிய எரிய முடித்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். கை தானாக நகர்ந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"சிரிச்சாலும் அதிரும்போல இருக்கு," என்று அவர் எனக்கு விளக்கினார்.

"இருக்கும்ங்க," என்றேன்.

பிறகு அண்ணியின் சத்தமும் அதை அதிரவைப்பதாகத் தெரியவந்தது. இவர் காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கினார். அதை மாட்டிக்கொண்டால் அண்ணி குரல் வெளியே வராது, எனவே தூங்கக் கூடாது. நான் தூங்கவிடவில்லை. அவருடைய கொள்கைக்கு விரோதமாக நான் ஒருநாளும் நடந்ததில்லை. அவர் எதைக் கண்டுபிடித்தாரோ அதன்படியே நடந்தேன். அவர் சிரித்தால் மட்டும், குரல் உயர்ந்தால் மட்டும்.

சிரிப்பு நின்றது. குளித்துவிட்டு வரும்போது பாடுகிற பழக்கம் உண்டு, லேப்டாப் திறந்திருக்கிறதே என்று பாட்டும் நின்றது. தும்மல் வந்தால் சமையலறைக்கு ஓடுவார். அது பார்க்க வேடிக்கையாக இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் பூனைபோல ஓடுவது. அந்த லேப்டாப் காலை முதல் இரவுவரை மேஜைமேல் திறந்தே இருக்கும், ஆகவே வீட்டில் பேசுவதே கிசுகிசுப்பாக ஆனது. காய்கறி வாங்கக் கடைக்குப் போனாலும் அப்படியே பேசினார். 'ரேடியோ என்ன, பேட்டரி தீந்துபோச்சா?' என்று படியில் கேட்டார்கள். அவர் சிரித்தார், ஓசை இல்லாமல்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். குனிந்து, என் காதருகே வந்து கேட்டார்.

"இவ்வளவு நாள் நான் பேசுன சத்தம், உனக்கும் தொந்தரவா இருந்திருக்குமோ?"

எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அது, டாக்டர். மிஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கமாட்டாரா என்றுதான் உட்கார்ந்திருந்தேன். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதோடு எல்லாம் தீர்ந்திருக்கும். பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தால்கூட அவர் அன்று கோபப்பட்டிருக்கமாட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "சாப்பிடுங்க, ஆறுது."

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கிறவரை வருத்தப்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கும்.

அவருக்கு ஒரு கதை உண்டு. கல்லூரியில் படிக்கும்போது ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் சோடியம் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டாராம். அது வெடித்ததில் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பிரின்ஸிபாலின் விக் எகிறி ஒரு இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டதாம். யாரும் அதை எடுத்துக் கொடுக்கத் துணியாமல், அந்தக் கம்பிக்கே எல்லோரும் வணக்கம் சொன்னார்களாம். ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்குச் சொல்வார். சோடியமாகவும் அவரே நடிப்பார், பிரின்ஸிபாலாகவும் அவரே நடிப்பார், விக்காகவும் அவரே நடிப்பார். நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம். வெடிக்கிற இடம் வருவதற்கு முன்பே என் கை தானாக ஊசிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பெண், முன்பு களிமண் என்று திட்டு வாங்கினாளே, அவள்தான் ஒருநாள் வகுப்பு முடிகிற நேரத்தில் கேட்டாள்.

"சார், உடம்பு சரியில்லையா? முன்னெல்லாம் கதை சொல்வீங்களே. அந்த விக் கதை சொல்லுங்க சார். என் தம்பியும் கேக்கணுமாம், பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் விடவில்லை. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சரி என்று மெதுவாக ஆரம்பித்தார். ஆரம்பத்தில் குரல் கட்டுக்குள்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்தபோது கொஞ்சம் ஏறியது. சோடியத்தை இடுக்கியில் எடுத்தபோது முதுகு நிமிர்ந்தது, கை காற்றில் வீசியது, கண்ணில் பழைய துள்ளல் வந்தது. குழந்தைகள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை நாள் கழித்து முன்னறையில் அந்தக் குரல். அது என் நெஞ்சில் எங்கோ பட்டது, மறைக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட புதிதில் அந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் நான்.

வெடிக்கிற இடம் வந்தது. கையை வைத்தேன்.

பழக்கம்தான், டாக்டர். வேறு என்ன சொல்ல? ஓடுகிற மிஷினில் துணி முடிகிற இடம் வந்தால் கால் தானாக நிற்கும், யாரும் யோசித்து நிறுத்துவதில்லை. திரை இருண்டுவிட்டது. உயர்த்திய கை அப்படியே நின்றது. அவர் மெல்லக் கையை இறக்கினார். லேப்டாப்பின்மேல் விரலை வைத்து, 'மன்னிச்சுக்கோ' என்றார். என்னிடம் இல்லை, அதனிடம். அதை எழுப்பவும் இல்லை. அன்று வகுப்பு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் கிசுகிசுப்பதும் குறைந்துபோனது. பாடத்தைத் திரையில் எழுதிக் காட்டினார். பிள்ளைகள் ஒருவர் இருவராக வேறு ஆசிரியரிடம் போனார்கள். அந்தப் பெண் மட்டும் இன்னும் வருகிறாள். தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் அவர் தலையசைப்பது ஒரே மாதிரி இருக்கிறது என்று வருத்தப்பட்டாள்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு அண்ணி ஒரு புது லேப்டாப் அனுப்பிவைத்தார். 'அந்தக் கெழட்டுப் பொணத்தத் தூக்கிக் குப்பையில போடு, என் தம்பி வாயத் தொறந்து பேசட்டும்' என்று எனக்குப் போனில் உத்தரவு. புதியதை மேஜையில் வைத்தோம். அவர் வெளியே போயிருந்தபோது நான் அதன் இடது ஓரத்திலும், வலது ஓரத்திலும், சுற்றிலும் மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன். அது அசரவில்லை. காந்தம் அதனிடம் எடுபடவே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி சத்தம், மறுபடி மிஷின்மேல் துணி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். புது லேப்டாப்பைத் திறந்தார். திறந்ததும் நாற்காலியை ஓசையில்லாமல் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் 'சார், கேக்குதா?' என்றாள். அவர் தலையசைத்தார். நான் பட்டையைக் கழற்றி ஊசிப் பெட்டிக்குள் போட்டேன். அதற்கு இனி வேலை இல்லை.

இவ்வளவுதான். நான்தான் செய்தேன். முதலில் ஒரு குழந்தைக்காக, அப்புறம் ஆராய்ச்சிக்காக, அப்புறம் கை பழகிவிட்டதால். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, நானும் யாரையும் கூட்டுச் சேர்க்கவில்லை. அவர் தொண்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்து வீணாக்காதீர்கள் என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

எழுந்துவிட்டீர்கள். அவரை உள்ளே கூப்பிட்டு, இதை நானே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? தான் கண்டுபிடித்தது தப்பு என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார். படித்தவர், முறைப்படி சோதித்துப் பார்த்து நம்பியவர். இந்த வயதில் அவருக்கு அந்த அவமானம் எதற்கு? அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் போனில் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர் மட்டும் மடியில் கைவைத்துக்கொண்டு இருக்கிறார். வீட்டிலும் இப்படித்தான். வகுப்பு நடக்கும்போதுகூட இப்போது என் மிஷின் ஓடுகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது. இரண்டு பேரும் அவரவர் முனையில் இருக்கிறோம், சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நீங்கள்தான் வீணாகக் கவலைப்படுகிறீர்கள். அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், டாக்டர். ஏதாவது குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்.